சங்கத்து மனுவுக்கு மூணே கோரிக்கை: பீன்யாவில் சின்ன ஷெட் வெச்சிருக்கறவன் எதை எழுதறது?

பீன்யா_டர்னிங்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை 2வது ஸ்டேஜ்ல ஷெட். கம்ப்யூட்டர்ல ஓடற கடைசல் மெஷின் (சிஎன்சி) மூணு, மில்லிங் மெஷின் (விஎம்சி) ஒண்ணு, அப்பா காலத்து ஹெச்எம்டி லேத் ஒண்ணு (விக்க மனசு வரல, இன்னும் ஓடுது). புஷ், பின், ஸ்பேசர்னு வண்டிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், வளர்ந்தது தாசரஹள்ளி.

எங்க சங்கம் மாநில அரசுக்கு மனு தயார் பண்ணுது. "கர்நாடகத்தின் போட்டித்திறனை உயர்த்த முன்னுரிமைகள்"னு தலைப்பு. மெம்பர் ஒவ்வொருத்தரும் மூணு கோரிக்கை எழுதித் தரணும். முதல் வரைவு வாட்ஸ்அப்ல வந்துது. செயற்கை நுண்ணறிவு மையம், வெளிநாட்டுக் கம்பெனி ஆபீஸ்களுக்குச் சலுகை, ஏர்போர்ட்டுக்கு இன்னொரு ரோடு. நல்லதுதான். அதுல என் ஷெட் எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன்.

2025 பிப்ரவரியில இன்வெஸ்ட் கர்நாடகா மாநாட்டுல 10.27 லட்சம் கோடி ரூபாய்க்கு முதலீட்டு உறுதி வந்ததா அறிவிச்சாங்க. 2025-30 தொழில் கொள்கையும் அங்கதான் வெளியாச்சு, 20 லட்சம் வேலைன்னு இலக்கு. புதுசா வர்றவங்களுக்குக் கம்பளம் விரிக்கட்டும். ஏற்கனவே இங்க கிடக்கறவன் என்ன பண்றது?

என் தொல்லைகளைச் சொல்லிடறேன். முதல்ல கரண்ட். 2023 மே மாசம் சராசரியா யூனிட்டுக்கு 70 காசு ஏத்தினாங்க, ஜூன்ல ஹூப்ளிக்காரங்க கடையடைப்பே நடத்தினாங்க, ஞாபகம் இருக்கும். 2025 ஏப்ரல்ல மின் ஊழியர் பென்ஷனுக்குன்னு யூனிட்டுக்கு 36 காசு சேர்த்தாங்க. அதுக்கு மேல 9 சதவீதம் மின்வரி. இதெல்லாம்கூட ஓட்டினாத்தான். ஆர்டர் இல்லாம ரெண்டு மெஷின் சும்மா நிக்கற மாசத்துலயும் ஹெச்பி (குதிரைத்திறன்) கணக்குல ஃபிக்ஸட் சார்ஜ் வந்து நிக்குது பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

அப்புறம் ரோடு. தும்கூர் ரோடு மேம்பாலத்தை 2021 டிசம்பர்ல மூடினாங்க. 2022 பிப்ரவரியில கார், பைக்குக்குத் திறந்தாங்க. லாரி ஏற 2024 ஜூலை வரைக்கும் காத்திருந்தோம். அதுவரைக்கும் என் சரக்கெல்லாம் கீழ சர்வீஸ் ரோட்டுல ஜாலஹள்ளி கிராஸ் சிக்னல்லதான். உள் ரோடு பத்திக் கேக்காதீங்க, மழை பெஞ்சா டெலிவரி வண்டிக்காரன் போனையே எடுக்க மாட்டான்.

மூணாவது, வரவேண்டிய பணம். பெரிய கம்பெனி ஒண்ணு மூணு மாசத்துக்குக் கம்மியா பில் பாஸ் பண்ணினதே இல்ல.

மானியம் எனக்கு வேணாம். கோயமுத்தூர்க்காரன் கொட்டேஷனுக்குப் பக்கத்துல என் கொட்டேஷன் நிக்கணும். அதுக்கு எது உதவும்?

ஒசூர்_ஷிஃப்ட்

அண்ணா, நான் பொம்மசந்திராவுல இருந்து ஒசூருக்கு மாறினவன். முதல்ல ஒண்ணு: "செய்யலைன்னா ஒசூர் போயிடுவோம்"னு மட்டும் மனுவுல எழுதிடாதீங்க. எல்லாச் சங்கமும் அதைத்தான் எழுதுது, படிக்கற அதிகாரி சிரிச்சிட்டு அடுத்த பக்கம் திருப்புவார்.

இங்கயும் 2022 செப்டம்பர்ல கரண்ட் ஏத்தினாங்க. சின்னத் தொழில்காரங்க 2023 செப்டம்பர் 25 அன்னிக்கு ஷெட்டை மூடிப் போராடினாங்க. ஃபிக்ஸட் சார்ஜ், பீக் அவர் சார்ஜ் ரெண்டும் இங்கயும் அழுகைதான். வாடகை கம்மி, சிப்காட்டுக்குள்ள ரோடும் சாக்கடையும் ஒழுங்கு, ஆளுங்களுக்குப் பக்கத்துலயே ரூம் கிடைக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். கஸ்டமர் பாதிப் பேர் இன்னும் பெங்களூருதான், அதனால வழியில இருக்கற அத்திபெலே டோல் என் செலவுக் கணக்குல தனி ஐட்டம்.

யோசிச்சா நான் மாறினது ரோட்டுக்காகத்தான், கரண்டுக்காக இல்ல.

கணக்கர்_ராஜாஜிநகர்

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதை முதலில் பாருங்கள். இதுபோன்ற மனுக்களில் பாதி, மாநிலத்தின் கையில் இல்லாததைக் கேட்பவை. ஜிஎஸ்டி விகிதம் கவுன்சிலின் முடிவு, வட்டி ரிசர்வ் வங்கியின் விஷயம். முதல்வரிடம் கொடுத்தால் அவர் டில்லிக்கு ஒரு கடிதம் எழுதுவார், சங்கம் அதைச் செய்தியாக்கும்.

கரண்டில் மாநிலம் நேரடியாகச் செய்யக்கூடியது அந்த 9 சதவீத வரிதான். கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், அதற்குப் பொது விசாரணையில் தனியாக ஆட்சேபம் தர வேண்டும். கூடவே, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு (மின்பளு) எவ்வளவு, உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்; ஃபிக்ஸட் சார்ஜ் அந்த லோடை வைத்துத்தான். பழைய மெஷினை விற்ற பிறகும் லோடைக் குறைக்காமல் ஃபிக்ஸட் சார்ஜ் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாக்கிப் பணத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. மீறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, கெடு தாண்டிய தொகையைக் கொடுக்கும் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. சட்டம் மத்தியச் சட்டம்தான். ஆனால் புகாரை விசாரிக்கும் வசதி மன்றங்களை அமைப்பது மாநிலம், எத்தனை வேண்டுமானாலும் அமைக்கலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். மன்றத்தின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசுக்குப் பெரிய செலவில்லை.

ரோட்டுக்கு, "ரோடு போடுங்கள்" என்று எழுதாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் 2013 முதல் தனித் தொழில் நகரிய (டவுன்ஷிப்) ஆணையம் இருக்கிறது. சொத்து வரியை அதுவே வசூலித்து, சுற்றியுள்ள பஞ்சாயத்துகளுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மீதியை அங்கேயே செலவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 243க்யூ பிரிவே இதற்கு இடம் தருகிறது. பீன்யாவுக்கும் அதைக் கேளுங்கள். நீங்கள் கட்டும் வரி உங்கள் தெருவுக்கு வரட்டும், வேறெந்தச் சலுகையும் அதற்கு ஈடாகாது.

முப்பதுவருஷம்_இதேதெரு

கணக்கர் சார் சொன்ன டவுன்ஷிப்பைப் பீன்யாக்காரங்க பல வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. பதில் எப்பவும் "நோடோண", அதாவது "பாக்கலாம்". இந்த ஊர்ல மனு கொடுக்கறது புதுசா என்ன, 1916ல விஸ்வேஸ்வரய்யா முயற்சியில மைசூர் வர்த்தக சபை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கொடுத்துட்டு இருக்கோம். சால்வை, போட்டோ, டிபன்.

எலக்ட்ரானிக் சிட்டி வேற, பீன்யா வேற சார். அங்க கேம்பஸ் கேம்பஸா பெரிய கம்பெனிங்க. இங்க ஷெட்டுக்கு மேல வீடு, பக்கத்துல பிஜி ஹாஸ்டல், எதிர்ல பிரியாணிக் கடை. குடியிருக்கறவங்க ஓட்டை விட்டுட்டு எந்த அரசியல்வாதி வரியை எடுத்துக் கொடுப்பார்? கொடுத்தாலும் அந்த ஆணையத்துல உக்காரப் போறது யாரு? பெரிய மனை வெச்சிருக்கற கம்பெனிக்காரங்கதான். அவங்க கேட் முன்னாடி கான்க்ரீட் ரோடு வரும், டர்னிங் தம்பி தெருவுக்கு ஜல்லி வரும்.

கேக்க வேணாம்னு சொல்லல. சின்ன யூனிட்டுக்குப் பாதி இடம்னு எழுதிக் கேளுங்க.

பீன்யா_டர்னிங்

எல்லாருக்கும் நன்றி. முப்பதுவருஷம் அண்ணன் சொன்னது உறைச்சுது, ஆனாலும் டவுன்ஷிப்பைத்தான் முதல் இடத்துல வெக்கறேன், சின்ன யூனிட்டுக்குப் பாதி இடம்ங்கற வரியோட. ஒரே குடியிருப்பா இருக்கற தெருவை வெளிய விட்டுட்டு, ஷெட் அடர்த்தியா இருக்கற பகுதிக்கு மட்டும் எல்லை போடலாமேன்னும் சேர்க்கறேன். ரெண்டாவது வசதி மன்றம். மூணாவது மின்வரி 9லேர்ந்து குறைப்பு. லோடு விஷயத்தை என் பில்லுல நாளைக்கே பாக்கறேன்.

உள்ளூர் ஆளுக்கு வேலை ஒதுக்கீடு வேணாம்னும் எழுதச் சொல்லி ஃப்ரெண்ட் ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணினார். 2024 ஜூலையில நிர்வாக வேலைக்கு 50, மத்ததுக்கு 70 சதவீதம்னு மசோதா கொண்டுவந்து சில நாள்லயே நிறுத்தி வெச்சாங்களே, அது. என் ஆபரேட்டருங்க ஒடிசா, பீகார், ஒருத்தர் ராய்ச்சூர். பாதிப்பு எனக்கும்தான். ஆனா தமிழ் பேர்ல வர்ற தாள்ல அந்த வரி இருந்தா மீதி ரெண்டையும் யாரும் படிக்க மாட்டாங்க. பெரிய கம்பெனிங்க பேசட்டும்.

கணக்கர் சார், ஒரு சந்தேகம். என் உத்யம் பதிவு (சின்ன நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பழசு. 43பி(எச்) எனக்குச் செல்லுமா?

கணக்கர்_ராஜாஜிநகர்

சான்றிதழை எடுத்து, உற்பத்தி அல்லது சேவை என்று இருக்கிறதா பாருங்கள். வியாபாரம் என்று பதிவாகியிருந்தால் செல்லாது, உடனே திருத்துங்கள். குறு அல்லது சிறு வகையில் இருக்க வேண்டும், நடுத்தரத்துக்கு இந்தப் பிரிவு இல்லை. இன்வாய்ஸிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். "நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாதே" என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதல் சாக்கு.