நீள்வில் உரையாடல்: கேள்விகளைச் சீராக்க உதவுங்கள்

இங்கிலாந்தின் நீள்வில் பற்றி ஒரு தொல்லியலாளரையும் வில் செய்பவரையும் சேர்த்து வைத்துப் பேச்சைப் பதிவு செய்யப் போகிறோம். சிக்கல் இழுவிசையில்தான், அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையில். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. கடலில் ஊறிய மரம் வலுவிழந்துவிட்டதால் அவற்றை நாணேற்றி நம்பகமாக அளக்க முடியாது. அதே அளவில் யூ மரத்தில் பிரதி செய்தும் கணக்கிட்டும் சுமார் 100 முதல் 185 பவுண்டு என்கிறார்கள். அதை, ஆங்கிலேய வில்லாளிகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்த 1415 அஜின்கோர்ட் போருக்கும் அப்படியே பொருத்தலாமா? 130 ஆண்டு இடைவெளி என்பதால் எங்களுக்குத் தயக்கம்தான்.

எலும்பியல் தெரிந்தவர்கள் இருந்தால், வில்லாளிகளின் தோள் எலும்பு மாற்றங்கள் குறித்து எதைக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். ‘அம்பு எவ்வளவு தூரம் பாயும்?’ வேண்டாம், அம்பின் எடை தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது.

ஆளுக்கொரு மைக், தனித்தனி டிராக் என்பது முடிவாகிவிட்டது. ஒரே டிராக்கில் குரல்கள் மோதினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.