Re: ஆன்டெனாவின் ‘கெய்ன்’ – பெருக்கமா, ஈட்டமா?

வணக்கம் ஐயா,

உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘கெய்ன்’ என்பதற்குப் ‘பெருக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு அது சரி, பெருக்கி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆன்டெனாவுக்கு ஒத்துவராது. வகுப்பில் நான் இதே சொல்லை எழுதிப்போட்டபோது ஒரு பையன் எழுந்து, “சார், பெருக்க கரண்ட் வேணுமே, இதுக்கு சப்ளை எங்கே?” என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை, சொல்தான் அவனை அங்கே கொண்டுபோய் விட்டது.

வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட வாயருகே இரண்டு கையையும் குவிக்கிறோம். நுரையீரல் அதேதான், முன்னால் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும், பின்னால் நிற்பவருக்குக் குறையும். செல்பேசிக் கோபுரத்தில் தொங்கும் நீளப் பெட்டியும் (பேனல் ஆன்டெனா) இதைத்தான் செய்கிறது. அதன் கெய்னை டிபிஐயில் சொல்வார்கள், எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல் கணக்கு அது. 17 டிபிஐ என்றால் ஏறக்குறைய 50 மடங்கு. 20 வாட் கொடுத்தால், அந்தத் திசையில் இருப்பவருக்கு எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் 1000 வாட் போலத் தெரியும். உள்ளே போனது 20 வாட்தான், வெளியே வருவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னொன்று, கையைக் காதுக்குப் பின்னால் குவித்தால் கேட்பதும் கூடுகிறதல்லவா, அப்படி போனிலிருந்து வரும் மெலிந்த சிக்னலுக்கும் இதே 17 டிபிஐ கிடைக்கும். அனுப்பும் பக்கத்தில் எவ்வளவு பெரிய பெருக்கி போட்டாலும் இது நடக்காது.

“அப்படியானால் ‘திசைக்குவிப்பு’ என்றே வைத்துவிடலாமே” என்று நேற்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அதை ‘டைரக்டிவிட்டி’க்கு, அதாவது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்ற அளவுக்கு, ஒதுக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. குவித்த கை கொஞ்சம் சத்தத்தை விழுங்கினால், அதைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் கெய்ன். சின்ன ஆன்டெனா செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்போகிற விஷயம். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 16.7 செ.மீ. பிரதிபலிப்புத் தகட்டின் முன் ஒரு டைபோல் (நடுவில் மின்சாரம் கொடுக்கும் இரட்டைக் கம்பி) வைத்தால் 8 டிபிஐ அளவுக்கு வரும். செங்குத்தாக இரண்டு அடுக்கினால் 11, நாலுக்கு 14, எட்டுக்கு 17. ஒவ்வொரு 3 டிபிக்கும், அதாவது ஒவ்வொரு இரு மடங்குக்கும், நீளம் இரட்டிக்கிறது, எட்டு வைக்கும்போதே 1.2 மீட்டரைத் தொடும். இடமில்லை என்று எலிமென்ட்டுகளை (இந்த டைபோல்களைத்தான் சொல்கிறேன்) மிக நெருக்கி வைத்து எதிரெதிராக மின்னோட்டம் கொடுத்தால் கணக்கில் டைரக்டிவிட்டி அழகாக ஏறும், ஆனால் மின்னோட்டம் எகிறி எல்லாம் உலோகத்தில் சூடாகப் போய்விடும். திசைக்குவிப்பு உண்டு, கெய்ன் இல்லை! இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

அதனால் என் பரிந்துரை ‘திசையீட்டம்’. திசையால் ஈட்டியது, செலவு போக மிஞ்சியது. “இந்தப் பேனலின் திசையீட்டம் 17 டிபிஐ” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. வெறும் ‘ஈட்டம்’ போதாதா என்றால், சம்பளக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது.

‘காம்பாக்ட்’டுக்கு ‘அடக்க’ என்று ஒருவர் சொன்னார். ‘அடக்க ஆன்டெனா’ என்றால் எங்கள் ஊரில் யாரைப் புதைத்தார்கள் என்று கேட்பார்கள். ‘கச்சிதமான’ போதும், ஏற்கெனவே புழங்குகிற சொல். ஆன்டெனாவை ஆன்டெனாவாகவே விட்டுவிடலாம். ‘அலைவாங்கி’ என்றால் அனுப்புகிற வேலை எங்கே போயிற்று?

அப்புறம், ‘ரியலைஸ்டு கெய்ன்’ என்று ஒன்று இருக்கிறது. கேபிளோடு பொருத்தம் சரியில்லாமல் திரும்பி வருகிற திறனையும் கழித்த கணக்கு. ‘நிகரத் திசையீட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் திசையீட்டமே ஒரு கழிவுக்குப் பின் வந்தது, அதற்கு மேல் இன்னொரு நிகரமா என்று இடிக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.