ஜீப் நின்ற இடத்தில் புல் வளர்த்த கதை

கோத்தகிரியில் அப்பா கட்டிய வீட்டை ஆறு வருடம் வாடகைக்கு விட்டிருந்தோம். போன மே மாதம் நாங்களே குடிவந்தபோது வாசல் புல்தரை பார்க்கச் சகிக்கவில்லை. பாதி புளியாரை, நிழலில் பாசி, மிச்சம் வெறும் செம்மண். நடுநடுவே தரையோடு படர்ந்து ஓடும் பழைய கிக்குயு புல்.

எல்லாரையும் போல நானும் களை பிடுங்க உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் இடுப்பு போனது. அடுத்த மழைக்குப் புளியாரை முன்பைவிடச் செழிப்பாக வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். “பிடுங்கினா போகாது தம்பி, அடியில கிழங்கு இருக்கு. மண்ணோட அள்ளுங்க.” தோண்டினால், ஒரு செடியின் அடியில் மிளகு அளவில் கொத்தாகக் குட்டிக் கிழங்குகள். செடியை இழுக்கும்போது அவை உதிர்ந்து தங்கி, ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடுகின்றன. மண்ணைக் கிளறிச் சல்லடையில் சலித்து எடுத்தேன். எருக்குழியில் போடவில்லை, எருவோடு திரும்பி வந்துவிடும்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடி ஏறினேன். மேலிருந்து பார்த்தபோதுதான், மொட்டைத் தரை அங்கங்கே இல்லை, இரண்டு நேர்கோடாக இருக்கிறது என்று தெரிந்தது. குடியிருந்தவர் ஜீப் நிறுத்திய தடம்! கடப்பாரையே இறங்காத அளவுக்கு மண் இறுகியிருந்தது. தண்ணீரும் காற்றும் போகாத இடத்தில் புல் எப்படி வேர்விடும்? முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்ததை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்த இரண்டு பட்டையையும் ஒரு சாண் ஆழம் கொத்தி, மக்கிய சாணமும் மணலும் கலந்தேன். பாசிக்கு மருந்து எதுவும் அடிக்கவில்லை. தண்ணீர் தேங்காமல் மட்டம் சரிசெய்ததும் பாதி குறைந்தது. சில்வர் ஓக் மரத்தடியை மட்டும் கைவிட்டுவிட்டேன். கிக்குயுவுக்கு வெயில் வேண்டும், அங்கே இப்போது ஒரு கல் பெஞ்சு. வெள்ளைப்பூ கிளோவரையும் விட்டுவைத்தேன். மண்ணுக்குத் தழைச்சத்து தருகிறது, தேனீயும் வருகிறது, அதை ஏன் களை என்கிறார்களோ.

செப்டம்பர் கடைசியில் கிக்குயு புல்லை நட்டேன். எங்கள் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. ஊட்டிக்காரர்கள் ஜூனிலேயே நடலாம். தாமதித்தால் மார்கழி உறைபனியில் இளம்புல் கருகும். விரல் நீளத்தில், இரண்டு மூன்று கணு இருக்கும்படி தண்டை நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் பதித்தேன்.

மூன்றாவது வாரம் ராத்திரி மூன்று காட்டெருமைகள் வந்தன. ஜன்னலுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் பார்த்தோம். விடிந்ததும் தரையெல்லாம் குளம்புக் குழி. அழுகை வராத குறை. மணலைப் போட்டு நிரப்பினேன். தை பிறப்பதற்குள் புல் அதையும் மூடியது.

இதைப் படித்த ஒருவர் கொடைக்கானலிலிருந்து எழுதிய பதில்:

அண்ணா, காட்டுமாடு பரவாயில்லை, எங்களுக்குப் பன்றி. ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போட்டது. கோபத்தில் வேலிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே புல்லைத் தூக்கினால், பாய் சுருட்டுவது போல வந்தது. வேரே இல்லை. அடியில் வளைந்து கிடந்தன வெள்ளை வேர்ப்புழுக்கள். வண்டின் புழு, வேரைத் தின்றிருக்கிறது. பன்றி அதைத் தேடித்தான் வந்திருக்கிறது. பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். இன்னொன்று, சோலைக்காட்டை ஒட்டி வீடு இருந்தால் கிக்குயு நடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல், வேலி தாண்டினால் பிடிக்க முடியாது.

என் பதில்:

சரிதான் தம்பி. என் கேரட் பாத்திக்கே வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, வாரம் ஒருமுறை ஓடும் தண்டை நறுக்குகிறேன். நறுக்கியதை அங்கேயே விட்டால் அதுவும் வேர்விடும், அள்ளி வெயிலில் போட்டுக் காயவைக்கணும். போன வாரம் கூடையில் மறந்து வைத்த துண்டு, கூடைக்குள்ளேயே துளிர்த்திருக்கிறது.