இளநிலை, முதுநிலைப் பொறியியலைச் சேர்த்து ஐந்தாண்டுகளில் முடிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். இயந்திரப் பொறியியல் இளநிலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இளநிலையையும் முதுநிலையையும் சேர்த்து ஐந்தாண்டுகளில் முடிக்கும் விரைவுத் திட்டத்துக்கு இந்தப் பருவ முடிவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தனித்தனியே படித்தால் ஆறாண்டுகள் ஆகும் படிப்பில் ஓராண்டு எப்படிக் குறைகிறது, அதனால் எதையேனும் இழக்க நேருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சில பாடங்கள் இரு பட்டங்களுக்கும் கணக்கில் கொள்ளப்படுவதால்தான் காலம் குறைகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்குப் பொதுவாக 30 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) தேவை. நான்காம் ஆண்டின் விருப்பப் பாடங்களுக்குப் பதிலாக முதுநிலைப் பாடங்களைப் படித்து, அவற்றில் 9 அல்லது 12 கிரெடிட்டை இரண்டு பட்டங்களிலும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால், மீதமுள்ள 21 அல்லது 18 கிரெடிட்டை இரண்டு பருவங்களில் முடித்துவிடலாம். ஆனால், ‘விரைவு’ என்ற பெயர் இருந்தும் இந்த இரட்டைக் கணக்கை அனுமதிக்காத துறைகளும் உள்ளன. அங்கே முதுநிலைப் பாடங்களை முன்கூட்டியே தொடங்கலாம், அவ்வளவே. எத்தனை கிரெடிட் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
இளநிலைப் பட்டம் எப்போது கைக்கு வரும் என்பதையும் கேளுங்கள். நான் படித்த திட்டத்தில் இரு பட்டங்களையும் ஐந்தாம் ஆண்டின் இறுதியில்தான் வழங்கினார்கள். நான்காம் ஆண்டு முடிவில் விரும்பிய வேலை கிடைத்தும், காட்டுவதற்குப் பட்டம் இல்லாததால் அதை விட்டுவிட்டேன். பணமும் இதோடு தொடர்புடையது: இளநிலை மாணவர்களுக்கென உள்ள உதவித்தொகைகள், முதுநிலை மாணவராகப் பதிவு மாறியதும் நின்றுவிடக்கூடும்.

பதில் 3:
மேற்சொன்னவற்றோடு பிரிட்டனின் எம்.எங். (பொறியியல் முதுநிலை) படிப்பைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் பொதுவாக நான்காண்டுகளும் ஸ்காட்லாந்தில் ஐந்தாண்டுகளும் நடைபெறும் அது, தொடக்கத்திலிருந்தே ஒரே பட்டமாக வடிவமைக்கப்பட்டது. உங்கள் திட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு உறுத்துவது ஆய்வேடுதான். சோதனைக் கருவி ஒன்றை அமைத்து, அது சரியாக இயங்கி, நம்பத்தக்க அளவீடு கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகிவிடும் என்பதால், ஓராண்டுக்குள் எழுதும் ஆய்வேடு பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். முனைவர் பட்டம் நோக்கமென்றால், மூன்றாம் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. துறையில் விசாரித்தேன்: 9 கிரெடிட்டுக்கு இரட்டைக் கணக்கு உண்டு, இளநிலைப் பட்டத்தை நான்காம் ஆண்டிலேயே தருகிறார்கள். விண்ணப்பிக்கிறேன், ஆய்வகம் குறித்து அடுத்த வாரம் பேராசிரியரைச் சந்திக்க இருக்கிறேன்.