புதுப்பிப்பு: பூச்சிப் பெட்டியில் பழுப்புப் பொடி

நான் தன்னார்வலராகப் போகும் அருங்காட்சியகத்தில், வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகளில் ஊசிகளுக்கு அடியில் பழுப்புப் பொடி கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரி, காய்ந்த பூச்சிகளைத் தின்னும் ஆந்த்ரீனஸ் வண்டின் புழுதான். அது உரித்துப்போட்ட முடி நிறைந்த தோல்களும் கிடைத்தன.

புழுவைக் கொல்ல, பெட்டிகளை பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். எடுத்த உடனே பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம், இல்லையென்றால் சிறகில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். நாஃப்தலீன் உருண்டை போதாதா என்று கேட்டவர்களுக்கு: உள்ளே இருக்கும் புழுவை அது நம்பிக்கையாகக் கொல்லாது, மூச்சுக்கும் கெடுதல்.

அப்புறம், பச்சைக் களிம்பு ஏறிய பித்தளை ஊசிகளை எஃகு ஊசிக்கு மாற்றுகிறோம். காய்ந்த உடல் லேசில் உடையும் என்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது.

ஏழு மாதிரிகளில் உடலே இல்லை, ஊசியும் சீட்டும் மட்டும். சீட்டை எறிந்துவிடலாம் என்றார் ஒருவர், நான் விடவில்லை. அந்தப் பூச்சி எந்த ஊரில், எந்தத் தேதியில் பிடிபட்டது என்பதற்கு இனி அதுதான் சாட்சி. எல்லாவற்றையும் படம் எடுத்து எண் போட்டு வருகிறேன், மூன்றாவது அலமாரி வரை முடிந்திருக்கிறது.