எங்கள் ஊருக்கு உப்பு வந்த வழி

இலங்கையின் வன்னியில், பாண்டியன்குளத்துக்கு மேற்கே, காட்டோடு ஒட்டின ஒரு சின்னக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். முப்பது வீடு இருக்கும். ஒரு குளம், குளத்துக்குக் கீழே வயல், மற்றப் பக்கமெல்லாம் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. பாதை என்றால் மாட்டுவண்டில் போன தடம்தான். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் அந்தத் தடமும் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு தை பிறக்கும் வரை ஊருக்குள் இருப்பதையும், யாரும் நடந்து கொண்டுவருவதையும் வைத்துத்தான் சீவியம்.

நான் சொல்வது 1996க்கும் 2001க்கும் இடைப்பட்ட காலம். சண்டையை வைத்து அரசாங்கம் 1990 இல் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை அப்போதும் இருந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பசளை, சீமெந்து, பற்றரி எல்லாம் தட்டுப்பாடு. சவுக்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் கம்பியில் செருகிய சின்னத் திரி. போத்தலே சிமினி மாதிரிக் காற்றைத் தடுக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் அம்மா "போதும், நூர்த்துப்போட்டுப் படு" என்பார்.

சோற்றுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காலபோகம் சரியாக விளைந்தால் கொம்பறை நிறைய நெல் இருக்கும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம், மரப்பொந்துத் தேன், குளத்து மீன், வளவில் மரவள்ளி. ஆனால் உப்பு காட்டில் விளையாதே! உப்பும் கருவாடும் தீப்பெட்டியும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அவற்றைக் கொண்டுவந்தவரை நாங்கள் கருவாட்டு மாமா என்று கூப்பிடுவோம். பேர் இங்கே வேண்டாம்.

அவர் வெள்ளாங்குளம் பக்கத்துக்காரர். நாச்சிக்குடாவில் கருவாடும் கரையோரத்தில் உப்பும் எடுத்து, பாலியாற்றைக் கடந்து காட்டுத் தடத்தால் எங்களிடம் வருவார். திரும்பும்போது நெல்லும் தேனும் ஏற்றுவார். காசு கைமாறியது குறைவு. இத்தனை கொத்து உப்புக்கு இத்தனை கொத்து நெல் என்று அளந்து, மிச்சத்தை ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைப்பார். மாரியில் கடனாகத் தந்ததை மாசி, பங்குனியில் சூடடித்த பிறகு வாங்குவார். ஒருநாளும் வட்டி கேட்டதில்லை.

அம்மாவுக்கு அவர்மேல் ஒரு குறை இருந்தது. "மல்லாவிக் கடையை விடக் கூடவாச் சொல்லுறார்" என்பார். விலை கூடத்தான். ஏன் கூட என்பது 1998 கார்த்திகையில்தான் எனக்கு விளங்கியது. அப்போது எனக்குப் பதினாலு வயது. வழக்கமாக அவரோடு வரும் மகன் காய்ச்சலில் கிடந்தான். "அண்ணை, ஆறு கடக்க ஒரு கை வேணும், தம்பியை ஒருக்கா விடுங்கோ" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா விட்டார்.

அந்தச் சைக்கிளை நான் அதற்கு முன் சரியாகப் பார்த்ததே இல்லை. பின் கரியருக்கு மேல் இரண்டு முதிரைச் சட்டம் குறுக்கே வைத்துக் கட்டியிருந்தார். பாருக்கு நடுவில் ஒரு மூட்டை, கரியரில் ஒரு மூட்டை. ஒவ்வொன்றும் மூன்று புசல் நெல். ஒரு புசல் நெல் 21 கிலோ வரும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மிதிக்க வழியே இல்லை. ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை சீற்றுக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டிய தடியில், முழுத் தூரமும் தள்ளித்தான் போகவேண்டும். களைத்தால் கவர்த்தடி ஒன்றைப் பாருக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவார். ரயர் கிழிந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டு வைத்து நைலோன் நூலால் தைத்திருந்தார். அந்தத் தையல் நிலத்தில் படும்போதெல்லாம் சைக்கிள் ஒரு முறை எழும்பி விழும். அவருடைய வலது தோளில் சாக்கு உரசி உரசித் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

காட்டுக்குள் இறங்கும் இடத்தில் பாலை மரத்தடியில் ஒரு பிள்ளையார். ஒரு குழை முறித்து அங்கே வைத்து, என்னையும் வைக்கச் சொன்னார். பிறகு கதை இல்லை. யானை லத்தி கிடந்தால் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அங்கேயே நின்று காது கொடுத்துவிட்டுத்தான் மற்ற அடி. அன்று இரண்டு தரம் அப்படி நின்றோம். காட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை.

போகும்போது ஆறு முழங்கால் அளவு. இரண்டு நாள் கழித்து உப்போடும் கருவாட்டோடும் திரும்பும்போது மேலே மழை பெய்திருந்தது, தண்ணீர் நெஞ்சுவரை நின்றது. மூட்டைகளை அவிழ்த்து, கருவாட்டை நான் தலையில் வைத்துக் கடந்தேன். உப்பு மூட்டையை அவர் தோளில் வைத்தார். நடு ஆற்றில் கால் ஒரு பள்ளத்தில் இறங்கி, மூட்டையின் ஒரு மூலை தண்ணீரில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். கரை ஏறும் வரை உப்புத் தண்ணீர் ஒழுகி, அந்தத் தோள் புண்ணுக்குள் இறங்கியது. சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, மூட்டையைப் பாலை வேரில் பக்குவமாகச் சாய்த்துவிட்டு, ஆற்றுக்குள் திரும்ப இறங்கிக் குனிந்து இருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

ஊருக்கு வந்து அளந்தபோது கரைந்தது கரைந்ததுதான். அதற்காக அளவைக் குறைக்கவில்லை, விலையையும் கூட்டவில்லை. நட்டத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நான் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் பேசாமல் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து, ஒரு சிரட்டையில் போட்டு "மாமாட்டக் கொண்டுபோய்க் குடு" என்றார். அதற்குப் பிறகு மல்லாவிக் கடை விலையைப் பற்றி அம்மா வாயெடுக்கவில்லை.

தடைக்காலத்தில் வியாபாரிகள் கொள்ளை அடித்தார்கள் என்று இன்றும் ஆட்கள் கதைக்கிறார்கள். பதுக்கினவர்கள் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளோடு நடந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவர் சாமான் மட்டும் கொண்டுவரவில்லை. யார் வீட்டில் செத்த வீடு, எந்த ஊரில் சனம் இடம்பெயர்ந்து வந்திருக்கிறது, எவருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்து யார் கையில் நிற்கிறது, எல்லாம் அவர் மூலம்தான் தெரியும். 1999 மாரியில் என் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல். நடுங்கி நடுங்கிக் கட்டிலே ஆடியது. அவர் எங்கள் வீட்டில் சாமானை இறக்கிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மல்லாவிக்கு நடந்து, அடுத்த நாள் மத்தியானம் குளோரோகுயின் குளிசையோடு வந்தார். மழையில் நனையக்கூடாது என்று குளிசைச் சரையைப் பொலித்தீனில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருந்தார். 2016 இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் தீப்பெட்டிதான். தங்கை இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய்.

2002 இல் சண்டை நின்று, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. மல்லாவிக்கு லொறி வந்தது. உப்பு பைக்கற்றில் வந்தது. சித்திரை மாதம் ஒரு பின்னேரம் மாமா மூட்டை எதுவும் இல்லாமல் வந்தார். கரியரில் அந்த முதிரைச் சட்டங்களும் இல்லை. திண்ணையில் இருந்து கொப்பியை விரித்து, வீட்டுக்கு வீடு கணக்கை வாசித்தார். அப்பா இரண்டு புசல் நெல் பாக்கி. அளந்து தர எழும்பினவரை இருத்திவிட்டு, "நெல்லை வைச்சு இனி நான் என்ன செய்ய அண்ணை, ஒரு போத்தல் தேன் இருந்தாத் தாங்கோ" என்றார். அப்பா இரண்டு போத்தல் கொடுத்தார்.

போத்தல்களைப் பையில் போட்டு ஹாண்டிலில் கொழுவினார். படலை தாண்டியதும் காலைத் தூக்கிப் போட்டுச் சைக்கிளில் ஏறினார். அத்தனை வருடத்தில் அவர் சைக்கிள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு மெதுவாக ஓடினார். அம்மா படலையடிக்குப் போய், "பார்த்துப் போங்கோ, வளைவிலை கல்லுக் கிடக்கு" என்று கூப்பிட்டுச் சொன்னார்.