ஜிம் லாக்கரில் போனும் பர்ஸும் போனது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

வேளச்சேரிவாசி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. போனில் சார்ஜ் இல்லை. அதனால் பவர் பேங்கில் சொருகி, பர்ஸோடு சேர்த்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு ஒர்க்-அவுட்டுக்குப் போனேன். ஐம்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடியே தொங்குகிறது. திறந்தால் பேன்ட், சட்டை, பவர் பேங்க் எல்லாம் இருக்கின்றன. போனும் பர்ஸும் மட்டும் இல்லை. ஒரு நொடி, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோமோ என்றுகூடத் தோன்றியது.

எப்படித் திறந்தார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னுடையது மூன்று எண் நம்பர் பூட்டு. முழுதாகக் கலைத்தால் ஆயிரம் எண்களை முயன்று பார்க்க வேண்டும். ஆனால் சீக்கிரம் திறக்க வசதியாக, பூட்டும்போது கடைசிச் சக்கரத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போவது என் வழக்கம். அதைக் கவனித்த ஆளுக்குப் பத்து முயற்சி போதும். உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும், தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூன்று சக்கரத்தையும் கலையுங்கள்.

பணத்தைவிட அடுத்த ஒரு மணி நேரம்தான் என்னை ஆட்டிவிட்டது. வங்கிக்கு அழைக்கலாம் என்றால் எண் அட்டையின் பின்பக்கம் இருக்கிறது, அட்டை திருடனிடம் இருக்கிறது. நண்பரின் போனில் தேடி எடுத்து அழைப்பதற்குள் இரண்டு கடைகளில் அட்டையைத் தட்டி 4,800, 4,650 என்று எடுத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை டேப் செய்ய ரகசிய எண் (பின்) கேட்காது. 2021 ஜனவரியிலிருந்து அதுதான் வரம்பு. வங்கிச் செயலிக்குள் போய் இந்த டேப் வசதியை நாமே அணைத்து வைக்க முடியும் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து சிம். அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே போகும். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதித் தேதியும் திருடன் கையிலேயே இருக்கின்றன. யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்கப் பல வங்கிகளில் இவ்வளவுதான் தேவை. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். நான் அட்டையை முதலில் முடக்கிவிட்டு அப்புறம்தான் சிம்மை முடக்கினேன். இனி நடந்தால் சிம்தான் முதலில்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அந்த நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். போன் வாங்கிய டப்பாவை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டேன், நல்லவேளையாக பில்லில் எண் இருந்தது. நீங்கள் இப்போதே \*#06# அடித்து வரும் 15 இலக்கத்தை வீட்டில் எழுதி வையுங்கள். இன்னொன்று: மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது. ஓடிபி வேண்டிய வேலைகளுக்கு வீட்டில் யாருடைய எண்ணாவது கூடவே இருக்கட்டும்.

கோவை சிஸ்டர்

படிக்கும்போதே பதறுகிறது அண்ணா. எனக்கு எதுவும் போகவில்லை, ஆனால் போயிருக்கும்.

எங்கள் ஜிம்மில் பெண்கள் அறை லாக்கருக்கு அவர்களே சாவி தருவார்கள். பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தாலிக்கொடி கழுத்தில் உறுத்தும், கம்பியிலும் மாட்டும். அதனால் கழற்றி, சாக்ஸுக்குள் சுருட்டி, ஷூவுக்குள் வைத்து, லாக்கரில் பூட்டுவேன். ஐந்து பவுன். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. ஒருநாள் நான் ட்ரெட்மில்லில் இருக்கும்போது ஒரு அக்கா வந்து, "உங்க லாக்கர் பதினாலா? என் சாவியைத் தெரியாம அதுல போட்டுட்டேன், திறந்துடுச்சு" என்றார். அவருடையது நாற்பத்தொன்று. உடனே உள்ளே போய்ப் பார்த்தேன். ஷூ வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவர் எதையும் தொடவில்லை, வந்து சொல்ல வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

எங்கள் தெருவில் பீரோ கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். இந்த மாதிரி மலிவான லாக்கர் பூட்டுகளில் சாவி வகைகள் குறைவு, ஒரே சாவி பல பூட்டுகளுக்குச் சேர்வது சாதாரணம் என்றார். சாவியிலும் பூட்டின் முகத்திலும் சின்னதாக ஒரு எண் இருக்கும். அதே எண் வேறு பூட்டிலும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சாவிதான்.

வீட்டில் சொல்லத் தயங்கினேன். மாமியாரே, "மஞ்சக் கயித்துல தாலியக் கோத்துப் போட்டுட்டுப் போம்மா, கொடி வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜிம் நாட்களில் இப்போது அப்படித்தான் போகிறேன். கம்மல், மோதிரம் எல்லாம் வீட்டிலேயே. கழற்ற வேண்டிய பொருளை ஜிம்முக்குக் கொண்டுபோகவே வேண்டாம் தோழிகளே.

மதுரைக்காரன்

எனக்குப் போனது வண்டிச் சாவி. பார்க்கிங் டோக்கனையும் அதோடு சேர்த்து மாட்டியிருந்தேன். டோக்கனில் வண்டி எண் இருந்தது. கீழே போய் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். டோக்கன் தனி, சாவி தனி. சாவியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் ப்ரோ.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

லண்டனில் இருக்கிறேன். 2022-ல் இங்கே ஜிம் லாக்கர்களிலிருந்து போனையும் வங்கி அட்டையையும் சேர்த்தே எடுத்த திருட்டுகள் பற்றி பிபிசியில் செய்தி வந்தது. திருடன் அந்த அட்டையைத் தன் போனில் உள்ள வங்கிச் செயலியில் பதிவு செய்கிறான். வங்கி அனுப்பும் ஓடிபி, பூட்டிய போனின் திரையிலேயே தெரிந்துவிடுகிறது. போனைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. செட்டிங்ஸில் போய், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை.

சட்டம் படித்தவன்

"உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்து யாரும் அப்படியே திரும்பிவிடாதீர்கள். டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், "உரிமையாளர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்ததை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது, தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று ஹோட்டல்தான் காட்ட வேண்டும் என்றது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், ஒரு பொருளை நம்பி ஒப்படைத்தால் வாங்கியவருக்கு அதைக் கவனிக்கும் கடமை உண்டு. சாவி உங்களிடமே இருக்கும் லாக்கரில் இந்த வாதம் பலவீனமாகும். கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்கினால் பலப்படும். கொடுக்கும்போது என்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள்.

உடை மாற்றும் அறைக்குள் கேமரா வைக்கக் கூடாது, வைக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். வாசலுக்கு நேராக வைக்கலாம். பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கொடுங்கள்.

வேளச்சேரிவாசி

எல்லோருக்கும் நன்றி. கோவை சிஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு இன்று எங்கள் லாக்கர்களைத் தடவிப் பார்த்தேன். கொண்டி மாட்டும் தகடு விரலால் அழுத்தினாலே வளைகிறது. அதில் எவ்வளவு நல்ல பூட்டு மாட்டியும் பயனில்லை.

இப்போது போனை இடுப்புப் பையில் என்னோடே வைத்துக்கொள்கிறேன். அட்டை வீட்டில், கையில் இருநூறு ரூபாய். சிம்முக்கு பின் போட்டுவிட்டேன். இதைச் செய்பவர்கள் கவனம்: ஏற்கனவே உள்ள பின்னை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் செத்துவிடும்.

எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். கேமராவை வாசல் பக்கம் திருப்பிவிட்டார்கள். தகடு இன்னும் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போய்க் கேட்கிறோம், என்ன ஆனது என்று இங்கே எழுதுகிறேன்.